கலைக்களஞ்சியத்தில் கருத்து மோதினால்: தொகுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விக்கிப்பீடியா 2001 சனவரி 15 அன்று தொடங்கியது. அதன் கட்டுரைகளைப் பெரும்பாலும் எழுதுபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒருவர் எழுதியதை முன்பின் தெரியாத இன்னொருவர் அனுமதி கேட்காமலே மாற்றலாம் என்பதுதான் அங்கே அடிப்படை. அப்படி இருக்கும்போது உரசல் வராமல் இருக்காது. முதன்முறையாக ஒரு தகராறில் மாட்டிக்கொண்டு திகைப்பவருக்காகவும், நெடுநாள் எழுதி, சண்டை பிடித்தே அலுத்துப்போனவருக்காகவும் இந்தப் பக்கம். விதிகள் மொழிக்கு மொழி கொஞ்சம் மாறும். கீழே எண்ணோடு வரும் விதிகள் ஆங்கிலப் பதிப்பினுடையவை. மற்ற பதிப்புகள் பலவும் அவற்றைத் தழுவியே தங்கள் விதிகளை வகுத்துக்கொண்டிருக்கின்றன.

நான் எழுதியதை ஒருவர் அழித்துவிட்டார். முதலில் என்ன செய்வது?

உடனே திரும்பப் போடாதீர்கள். கை துறுதுறுக்கும்தான். இருந்தாலும் கட்டுரையின் வரலாற்றைத் திறந்து, அவர் விட்டுப்போன தொகுப்புச் சுருக்கத்தை, அதாவது ஏன் மாற்றினார் என்று சொல்லும் ஒரு வரிக் குறிப்பை, முதலில் படியுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்காததாலேயே வளர்ந்த தகராறுகள் ஏராளம். "சான்று இல்லை" என்று எழுதியிருந்தால், சான்றோடு மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. "இது ஏற்கெனவே மூன்றாம் பத்தியில் இருக்கிறது" என்றிருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். காரணமே சொல்லாமல் அழித்திருந்தால் அது அவருடைய குறைதான்; அப்போதும் காரணம் கேட்பதுதான் உங்களுடைய அடுத்த வேலை.

நீங்கள் எழுதியது எங்கும் போய்விடவில்லை. பக்கத்தின் பழைய பதிப்புகள் எல்லாம் வரலாற்றில் அப்படியே இருக்கும். ஒரு வாரம் கழித்தும் எடுத்துக்கொள்ளலாம். இது மனதில் பதிந்துவிட்டால் பதற்றம் தானாகக் குறையும்.

விக்கிப்பீடியர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. துணிந்து மாற்று, அதை யாராவது மீளமைத்தால், அதாவது முந்தைய பதிப்புக்குத் திருப்பினால், மறுபடி மாற்றாமல் பேசு. முதல் இரண்டையும் எல்லாரும் நன்றாகவே செய்கிறார்கள். மூன்றாவதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பேச்சுப் பக்கத்தில் எப்படி எழுதுவது? நான் எழுதினாலே சண்டை பெரிதாகிவிடுகிறது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. கட்டுரையை எப்படிச் செம்மைப்படுத்துவது என்று பேசுவதற்கான இடம் அது. ஒரு பாலத்தைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திறப்பு ஆண்டை 1931 என்று மாற்றுகிறீர்கள். ஒருவர் அதைப் பழையபடி 1929 ஆக்கிவிடுகிறார். கோபத்தில் எழுதினால் இப்படி வரும்:

"என் தொகுப்பை ஏன் அழித்தீர்கள்? நான் இந்தத் துறையில் பல வருடமாக இருக்கிறேன். உங்களுக்கு இதில் என்ன தெரியும்?"

இதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? தனக்கு என்ன தெரியும் என்றுதான் சொல்லத் தொடங்குவார். பாலம் மறந்துபோகும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"திறப்பு ஆண்டை 1931 என்று மாற்றியிருந்தேன், நீங்கள் 1929க்குத் திருப்பியிருக்கிறீர்கள். நான் பார்த்த பொறியியல் அறிக்கையின் 14ஆம் பக்கத்தில், கட்டுமானம் 1929இல் முடிந்தது, போக்குவரத்துக்கு 1931இல் திறந்தார்கள் என்று இருக்கிறது. உங்கள் நூல் இதில் எதைச் சொல்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

இப்போது அவர் நூலைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தால், இரண்டு ஆண்டுகளும் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளுக்கானவை என்பது தெரிந்துவிடும். கட்டுரையில் ஒரு வாக்கியம் கூடும்: 1929இல் கட்டி முடித்தார்கள், 1931இல் திறந்தார்கள். இருவருமே சரி, கட்டுரையும் முன்பைவிட மேல். தகராறு என்று வந்தாலே, எந்த வாக்கியம், எந்தச் சான்று, எந்தப் பக்கம் என்ற மூன்றுக்குள் பேச்சை இழுத்து வந்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். நான்கு அலைக்குறி இட்டுக் கையொப்பமிடுங்கள். யார் எப்போது சொன்னது என்று தெரியாத விவாதத்தைப் பின்தொடர்வது கொடுமை. அவருடைய பயனர் பெயரைக் குறிப்பிட்டு இணைத்தால் அவருக்கு அறிவிப்பு போகும். பதிலுக்கு ஒருசில நாட்களாவது பொறுத்திருங்கள். அவருக்கும் வேலை, குடும்பம், உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் பதில் வரவில்லை என்பதற்காக "எதிர்ப்பு இல்லை" என்று எழுதிவிட்டு மாற்றுவது நியாயமில்லை.

யார் சொல்வது சரி என்று எப்படி முடிவாகிறது? வாக்கெடுப்பு நடத்தலாமா?

பொதுவாகக் கூடாது. விக்கிப்பீடியா இணக்க முடிவைத்தான் நாடுகிறது: எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், முன்வைக்கப்பட்ட நியாயமான மறுப்புகளுக்கெல்லாம் பதில் கிடைத்திருக்கிறது, பெரும்பாலானோர் இதனுடன் வாழ முடியும் என்ற நிலை. பத்துப் பேர் வந்து "ஆதரவு" என்று மட்டும் போட்டுவிட்டுப் போனாலும், இரண்டு பேர் சான்றோடும் விதியோடும் பேசியிருந்தால், விவாதத்தை முடித்துவைப்பவர் அந்த இருவரின் வாதத்துக்கே கூடுதல் எடை கொடுக்க வேண்டும். தலைகளை எண்ணத் தொடங்கினால் ஆள் சேர்ப்பவர் பக்கமே கட்டுரை சாயும்.

விதிவிலக்கு இல்லாமலும் இல்லை. போலந்தின் கதான்ஸ்க் நகரத்துக்கு டான்சிக் என்ற செருமானியப் பெயரும் உண்டு. எந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பெயரை வைப்பது என்று ஆங்கிலப் பதிப்பில் ஓயாமல் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2005இல் வாக்கெடுப்பு நடந்தது. 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்கு டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று முடிவானது. யாருக்கும் முழு நிறைவு தராத முடிவுதான். ஆனால் "எந்தப் பெயர்?" என்ற கேள்வியை "எந்தக் காலத்துக்கு எந்தப் பெயர்?" என்று உடைத்ததால்தான் அப்படி ஒரு முடிவாவது சாத்தியமானது. வாக்கெடுப்பைவிட அந்த உடைப்புதான் கற்றுக்கொள்ளத் தக்கது.

இரண்டு நல்ல சான்றுகளே ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால்?

உண்மையில் மதிக்கத்தக்க தகராறுகள் இந்த வகைதான். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை.

உலகின் மிக நீளமான ஆறு எது? நைல் என்று நூல்கள் பலவற்றில் இருக்கிறது. ஏறக்குறைய 6,650 கிலோமீட்டர். அமேசானுக்கு வழக்கமாகத் தருவது ஏறக்குறைய 6,400. ஆனால் 2007இல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசானின் நீளம் ஏறக்குறைய 6,800 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். இனி ஒருவர் "நைல்" என்று எழுதுவார், இன்னொருவர் "அமேசான்" என்று மாற்றுவார், இரண்டு பேரிடமும் சான்று இருக்கும். இப்படியே வருடக்கணக்கில் போகலாம்.

இதற்கு வழி, எது நீளம் என்ற முடிவை நாமே எடுக்காமல் இருப்பது. ஓர் ஆற்றின் நீளம், அது எந்த ஊற்றில் பிறக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம், கழிமுகத்தில் எந்தக் கிளை வழியாகக் கடலை அடைகிறது என்று எடுத்துக்கொள்கிறோம் என்பவற்றைப் பொறுத்து மாறும். ஆகவே கட்டுரை இப்படிச் சொல்லலாம்: "நைல் பெரும்பாலான நூல்களில் உலகின் மிக நீளமான ஆறாகக் குறிப்பிடப்படுகிறது. அமேசானின் பிறப்பிடத்தையும் முகத்துவாரத்தையும் வேறு விதமாக வரையறுத்து அளந்த ஆய்வாளர்கள் சிலர் அமேசானே நீளமானது என்கிறார்கள்." முரண்பாட்டை மறைக்காமல், யார் சொன்னது, எந்த அடிப்படையில் சொன்னது என்று அதையே எழுதியாகிவிட்டது. படிப்பவருக்கு ஓர் எண்ணைவிட அதிகமாகவே கிடைக்கிறது: ஆற்றை எப்படி அளக்கிறார்கள் என்ற விவரம்.

"இன்னார் கூற்றுப்படி" என்று சேர்ப்பதைச் சிலர் கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறை அறிஞர்களே ஒத்துப்போகாத இடத்தில் தொகுப்பவர் ஒருவர் தீர்ப்பெழுதுவதுதான் தவறு. அதே சமயம், எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு "இன்னார் கூற்றுப்படி" என்று ஒட்டுவதும் தவறு; அது இல்லாத சந்தேகத்தை உண்டாக்கும்.

எனக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம் இது. அதற்கும் சான்று வேண்டுமா?

வேண்டும். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிப்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. நீங்கள் யார் என்பதே அவருக்குத் தெரியாது. வெளியான, நம்பத்தகுந்த நூலோ இதழோ அதைச் சொல்லும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இது வலிக்கும் விதி என்பதை நான் மறுக்கவில்லை. எழுத்தில் பதிவாகாத அறிவு உலகில் ஏராளம். ஆனாலும் இந்த விதி இல்லையென்றால் "எனக்குத் தெரியும்" என்று சொல்லும் இரண்டு பேருக்கு நடுவே தீர்ப்பு சொல்ல எந்த வழியும் இல்லை.

நடுநிலை என்றால் இரண்டு பக்கத்துக்கும் சம இடம் கொடுப்பதுதானே?

இல்லை. நம்பத்தகுந்த சான்றுகள் ஒரு கருத்துக்கு எவ்வளவு எடை தருகின்றனவோ அவ்வளவு எடையைக் கட்டுரையும் தருவதுதான் நடுநிலை நோக்கு. 1969இல் மனிதர் நிலவில் இறங்கினார் என்ற கட்டுரையில், "இறங்கவே இல்லை" என்போருக்குப் பாதி இடம் ஒதுக்கினால் அது நடுநிலை ஆகாது. அப்படி நம்புவோர் இருக்கிறார்கள் என்பது ஒரு செய்தி. அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஒரு நாளில் எத்தனை முறை மீளமைக்கலாம்?

ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒருவர் மீளமைக்கக் கூடாது. இதை மூன்று மீளமைப்பு விதி என்பார்கள். நான்காவது முறை கை வைத்தால் கணக்குத் தடைபட வாய்ப்புண்டு, நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும்கூட. வெளிப்படையான விசமத் தொகுப்பை நீக்குவது, வாழும் மனிதரைப் பற்றிய சான்றில்லாத அவதூறை நீக்குவது, உங்கள் தொகுப்பை நீங்களே திருப்பிக்கொள்வது போன்றவை இந்தக் கணக்கில் வராது.

இதைப் பலரும் "தினம் மூன்று முறை உரிமை" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. 24 மணி நேரம் முடிந்து பத்து நிமிடத்தில் நான்காவதைச் செய்தால் கணக்கைத் தடை செய்யவும் பக்கத்தைப் பூட்டவும் அதிகாரம் உள்ள பயனர்களான நிருவாகிகள் அதையும் தொகுத்தல் போராகவே, அதாவது மாறி மாறி மீளமைக்கும் சண்டையாகவே பார்ப்பார்கள். தினம் ஒன்று வீதம் ஒரு மாதம் செய்தாலும் அப்படித்தான். என்னைக் கேட்டால், ஒருமுறை மீளமைத்த பிறகும் அவர் திரும்பப் போட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையில் புதிதாக எதுவும் நடந்துவிடப் போவதில்லை.

எதிரே இருப்பவர் விசமியா, மாற்றுக்கருத்து உள்ளவரா என்று எப்படி அறிவது?

கட்டுரையைக் கெடுப்பதே நோக்கமாகச் செய்வதுதான் விசமம்: பக்கத்தை வெறுமையாக்குவது, வசைச்சொல் எழுதுவது, வேண்டுமென்றே எண்களை மாற்றுவது. பிடிவாதம் விசமம் ஆகாது. ஒருதலையாக எழுதுவதும், விதி தெரியாமல் எழுதுவதும், சான்றைத் தப்பாகப் படித்து எழுதுவதும் விசமம் ஆகா. கட்டுரை நன்றாக வரவேண்டும் என்று தன் வழியில் அவரும் நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். இதை நல்லெண்ண நம்பிக்கை என்கிறோம்.

ஒருவரை விசமி என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதிவிட்டால் அது வரலாற்றில் நிலைத்துவிடும். பிறகு நீங்கள் நினைத்தாலும் அழிக்க முடியாது. அந்தச் சொல்லைக் கண்டு விலகிப்போன நல்ல பயனர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கைக்கும் எல்லை உண்டு, சரி. ஒருவர் பலமுறை எடுத்துச் சொன்ன பிறகும் இல்லாத சான்றை இருப்பதாகக் காட்டினால், அவர் எதை மாற்றினார் என்று காட்டும் தொகுப்பு வேறுபாட்டு இணைப்புகளைத் திரட்டி நிருவாகிகளிடம் முறையிடுங்கள். அங்கேயும் அவர் செய்ததைச் சொல்லுங்கள்; அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லத் தேவையில்லை.

பேசிப் பார்த்தாயிற்று. நகரவே இல்லை. அடுத்து எங்கே போவது?

இரண்டே பேர் முட்டிக்கொண்டு நின்றால், மூன்றாம் கருத்து கேளுங்கள். தொடர்பில்லாத ஒரு பயனர் வந்து, இரு பக்கத்தையும் படித்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்வார். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பல தகராறுகள் இதோடு அடங்கிவிடுவதைப் பார்க்கலாம், காரணம் எளிது: வெளியாள் ஒருவருக்குப் புரியும்படி எழுதவேண்டியிருப்பதால் இருவருமே தங்கள் வாதத்தைச் சுருக்கித் தெளிவாக்கியிருப்பார்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் பொதுக் கருத்துக்கோரல். கேள்வியை ஒரே வரியில், எந்தப் பக்கமும் சாயாமல் வைக்க வேண்டும். வழக்கமாக 30 நாட்கள் திறந்திருக்கும். இதில் கேள்வியை எழுதுவதுதான் கடினமான வேலை. "இந்த அபத்தமான பத்தியை நீக்கலாமா?" என்று கேட்டால் விவாதம் அபத்தத்தைப் பற்றிப் போய்விடும். "மூன்றாம் பத்தியின் இரண்டாம் வாக்கியம் இருக்கலாமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். முடிந்தால் எதிர்த்தரப்பிடம் கேள்வியைக் காட்டி, "இப்படிக் கேட்டால் சரியா?" என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். அந்த ஒப்புதலே ஒரு தொடக்கம்.

ஒரு சான்று நம்பத்தகுந்ததா என்பது மட்டுமே சிக்கல் என்றால் அதற்குத் தனி அறிவிப்புப் பலகை உண்டு. கருத்து வேறுபாடுகளைத் தீர்ப்பதற்கென்றே ஓர் அறிவிப்புப் பலகையும் உண்டு. அங்கே தன்னார்வலர் ஒருவர் நடுவில் இருந்து பேச்சை நடத்துவார். முன்பு சமரசப் பேச்சுக்கென்று முறையான ஒரு குழு ஆங்கிலப் பதிப்பில் இருந்தது. போதிய பயன்பாடு இல்லாததால் 2018இல் அதை மூடிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது 2004 முதல் இயங்கும் நடுவர் குழு, தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டது. ஆனால் அது நடத்தையைப் பற்றி மட்டுமே தீர்ப்பளிக்கும். நைல் நீளமா அமேசான் நீளமா என்று அதனிடம் கேட்க முடியாது.

சிறிய மொழிப் பதிப்புகளில் இத்தனை அடுக்குகள் இருக்காது. அங்கே பொது உரையாடல் பக்கம் ஒன்று இருக்கும். தமிழ்ப் பதிப்பில் அதன் பெயர் ஆலமரத்தடி. அங்கே போய், சுருக்கமாக, இணைப்போடு கேளுங்கள்.

எனக்கு ஆதரவாகப் பேச நாலு பேரை அழைக்கலாமா?

உங்களோடு ஒத்துப்போவார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும் தேர்ந்து அழைப்பது தவறு. அந்தத் துறையில் எழுதும் எல்லாருக்கும், அல்லது முன்பு அதே விவாதத்தில் இரு பக்கமும் பேசிய எல்லாருக்கும், ஒரே மாதிரி நடுநிலையான அறிவிப்பு விடுப்பது சரி. அதையும் பொதுவில் விடுங்கள். வாட்ஸப் குழுவில் ரகசியமாக ஆள் திரட்டினால், தெரியவரும் நாளில் நீங்கள் சொன்ன நல்ல வாதமும் சேர்ந்து மதிப்பிழக்கும். ஒருவரே இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு இரண்டு பேர் போல் பேசுவது கைப்பாவைக் கணக்கு. அதைக் கண்டறிய நுட்ப வசதி உள்ள பயனர்கள் இருக்கிறார்கள், பிடிபட்டால் தடை உறுதி.

நிருவாகி பக்கத்தைப் பூட்டிவிட்டார். அதுவும் தவறான பதிப்பில்!

தொகுத்தல் போர் நடக்கும் பக்கத்தைக் கொஞ்ச நாள் காப்பிலிடுவது வழக்கம். அந்த நேரத்தில் எந்தப் பதிப்பு இருந்ததோ பெரும்பாலும் அதுவே நிற்கும். அவதூறு, பதிப்புரிமை மீறல் போன்றவை இல்லாவிட்டால் நிருவாகி எது சரி என்று பார்த்துப் பூட்டக் கூடாது; பார்த்துப் பூட்டினால் அவரும் ஒரு தரப்பாகிவிடுவார். ஆகவே எப்போதும் யாரோ ஒரு பக்கத்துக்கு அது தவறான பதிப்பாகத்தான் தெரியும். அந்த நாட்களைப் பேச்சுப் பக்கத்தில் செலவிடுங்கள். உடன்பாடு வந்துவிட்டால், காப்பு முடியும் முன்பே மாற்றச் சொல்லி நிருவாகியிடம் கேட்கலாம்.

வாழும் மனிதரைப் பற்றிய கட்டுரையில் தகராறு. இங்கேயும் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா?

இங்கே வரிசை தலைகீழ். சான்றில்லாத, ஒருவரின் பெயரைக் கெடுக்கக்கூடிய செய்தியை முதலில் நீக்குங்கள், பிறகு பேசுங்கள்.

காரணம் இருக்கிறது. 2005 மே மாதம் அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர்மீது சந்தேகம் இருந்ததாக யாரோ எழுதினார்கள். முழுப் பொய். நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே இருந்தது. அந்த ஆண்டு இறுதியில் அது பெரும் செய்தியானது. அதன் பிறகுதான் ஆங்கிலப் பதிப்பில் கணக்கில்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கான தனிக் கொள்கையும் உருவானது. ஆற்றின் நீளத்தை ஒரு மாதம் விவாதிக்கலாம், ஆற்றுக்கு வலிக்காது. மனிதர் விஷயம் அப்படியில்லை.

பெயர் எழுதும் முறை, எழுத்துக்கூட்டல், நடை பற்றிய சண்டைகளை என்ன செய்வது?

சீக்கிரம் ஒரு விதியை வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஆங்கிலப் பதிப்பில் அலுமினியம் என்ற தனிமத்தின் பெயரைப் பிரித்தானிய முறையில் எழுதுவதா அமெரிக்க முறையில் எழுதுவதா என்று வெகுநாள் இழுத்தது. பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் முறையைப் பின்பற்றுவது என்று முடிவெடுத்தார்கள். அதன்படி அலுமினியத்துக்குப் பிரித்தானிய எழுத்துக்கூட்டலும் கந்தகத்துக்கு அமெரிக்க எழுத்துக்கூட்டலும் வந்தன. இரு தரப்பும் ஒன்றில் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு முறையுமே சரி என்னும்போது, ஏற்கெனவே கட்டுரையில் இருப்பதைக் காரணமில்லாமல் மாற்றாதிருப்பதே நல்ல வழக்கம்.

அவர் என்னைத் தனிப்பட்ட முறையில் திட்டுகிறார்.

பதிலுக்குத் திட்டாதீர்கள். அவருடைய வாதத்தில் கட்டுரையைத் தொட்ட பகுதிக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்தில் ஒரே ஒருமுறை, அமைதியாக, எந்த வரி உங்களைப் புண்படுத்தியது என்று சொல்லுங்கள். கோபத்தில் எழுதியவர்களில் பலர் அப்போதே வருத்தம் தெரிவித்து அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

மிரட்டல், சாதி, மதம், பாலினம், இனம் சார்ந்த வசை, உங்கள் வீட்டு முகவரி, வேலையிடம் போன்றவற்றை வெளியிடுவது ஆகியவை வேறு வகை. இவற்றுக்குப் பேச்சு வேண்டாம். உடனே நிருவாகிகளிடம் சொல்லுங்கள்; உயிருக்கு ஆபத்து என்ற அளவில் மிரட்டல் இருந்தால் விக்கிப்பீடியாவை நடத்தும் அமைப்பான விக்கிமீடியா அறக்கட்டளையின் அவசரத் தொடர்புக்கும், உங்கள் பகுதிக் காவல்துறைக்கும் தெரிவியுங்கள். எல்லா மொழித் திட்டங்களுக்கும் பொதுவான ஒரு நடத்தை நெறியை அறக்கட்டளை 2021இல் வெளியிட்டது. சிறிய பதிப்பில் எழுதுகிறவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. "நல்லா எழுதுகிறவர், கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துப் போங்கள்" என்று மூத்த பயனர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பொறுத்துப்போன ஒவ்வொரு முறையும் வேறு சிலர் சத்தமில்லாமல் எழுதுவதை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

நிருவாகியே ஒரு பக்கம் சாய்ந்தால்?

தானே பங்கெடுக்கும் தகராறில் நிருவாகி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. தடை செய்யவோ பக்கத்தைப் பூட்டவோ தொடர்பில்லாத வேறு நிருவாகியைக் கேட்க வேண்டும். அதை மீறினால் முதலில் அவரிடமே கேளுங்கள், பிறகு மற்ற நிருவாகிகளிடம், பிறகு சமூகத்திடம்.

நிருவாகிகள் குழுவே கைகோத்துக்கொண்டால் சிக்கல் ஆழமானது. குரோவாசிய விக்கிப்பீடியாவில் அப்படித்தான் நடந்தது. ஒரு சிறு குழு பல ஆண்டுகள் நிருவாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரலாற்றுக் கட்டுரைகளைத் தீவிர தேசியவாத நோக்கில் திரித்தது. எதிர்த்த பயனர்களைத் தடை செய்தது. இதை ஆராய்ந்த அறிக்கையை விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்டது. உள்ளே கதவு அடைத்தால் எல்லா மொழிகளுக்கும் பொதுவான மேல்-விக்கியில் முறையிடலாம். நிருவாகம் ஒரே கருத்துள்ள சிலரின் கையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது, தகராறு எதுவும் இல்லாத நாட்களிலேயே செய்ய வேண்டிய வேலை.

புதியவர் ஒருவர் திரும்பத் திரும்பத் தப்பாகவே தொகுக்கிறார். எச்சரிக்கை வார்ப்புரு, அதாவது முன்பே எழுதிவைத்த எச்சரிக்கைச் செய்தி, போட்டால் போதுமா?

விசமத்துக்குப் போதும். மற்றவர்களுக்கு இரண்டு வரி கையால் எழுதுங்கள். எது தவறு என்று சொல்வதோடு, அதைச் சரியாகச் செய்தும் காட்டுங்கள்: அவர் சேர்த்த வாக்கியத்துக்கு நீங்களே ஒரு சான்றைத் தேடி இணைத்துவிட்டு, "இப்படிச் செய்தால் நிற்கும்" என்று வேறுபாட்டு இணைப்பைக் கொடுங்கள். இன்று மூத்தவராக இருக்கும் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் தொடக்கத்தில் பொறுமையாகச் சொல்லித் தந்திருப்பார்.

கருத்து வேறுபாடே இல்லாமல் ஒத்த கருத்துள்ளவர்கள் மட்டும் எழுதினால் கட்டுரை நன்றாக வராதா?

வராது என்றே ஆய்வு சொல்கிறது. 2019இல் நேச்சர் குழும ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, ஆங்கில விக்கிப்பீடியாவில் அரசியல் சார்பு வேறுபட்ட பயனர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரைகளையும், ஒரே சார்புள்ளவர்கள் எழுதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எதிரெதிர்ச் சார்புள்ளவர்கள் சேர்ந்த கட்டுரைகளே தரத்தில் மேலாக இருந்தன; அரசியலில் மட்டுமல்ல, சமூகப் பிரச்சினைகளிலும் அறிவியலிலும்கூட. அவர்கள் நீளமாக விவாதித்தார்கள், விதிகளை அதிகம் மேற்கோள் காட்டினார்கள். ஒத்த கருத்துள்ளவர் கண்ணில் படாத ஓட்டை மாற்றுக்கருத்துள்ளவர் கண்ணில் முதலில் படும். உங்கள் கட்டுரையை மிகக் கவனமாகப் படிப்பவர் அவர்தான். ஆளே இல்லாத பேச்சுப் பக்கத்தைக் கண்டுதான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

விவாதம் எனக்கு எதிராக முடிந்துவிட்டது. மீண்டும் எழுப்பலாமா?

புதிய சான்று கிடைத்தாலோ, புதிய வாதம் இருந்தாலோ தாராளமாக எழுப்பலாம். இணக்க முடிவு மாறக்கூடியதுதான். பழைய வாதத்தையே மாதம் ஒருமுறை கொண்டுவந்தால், உடன்பட்டிருக்கக்கூடியவர்களும் சலித்துப் போவார்கள். எழுப்பும்போது முந்தைய விவாதத்தின் இணைப்பை மேலே கொடுத்து, இப்போது புதிதாக என்ன இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தை, நீங்கள் மாற்றங்களைக் கண்காணிக்கும் பக்கங்களின் பட்டியலான கவனிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு கட்டுரைக்குப் போகலாம். சான்று கேட்டு நிற்கும் கட்டுரைகள் எந்தப் பதிப்பிலும் நிறையக் கிடக்கின்றன.